மாவு மாத்திரை

மிளகாய் மில்லில் அவளுக்கு நாக்கு என்று பேர். கூப்பிடுகிறவர்கள் கூச்சப்பட்டதும் இல்லை, அவள் கோபித்துக்கொண்டதும் இல்லை. "நாக்கக்கா, லாரி வந்திருக்கு!" என்று கேட் பக்கமிருந்து குரல் வந்தால் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போவாள். மூட்டைக்குள் குத்தூசியை விட்டு எடுத்த வற்றலைச் சின்ன உரலில் இடித்து, ஒரு சிட்டிகையை நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். மனசுக்குள் எண்ணுவாள். நுனியில் சுட்டுவிட்டு இருபதுக்குள் அடங்கினால் மூன்றாம் தரம். ஓரங்களில் பரவி ஐம்பது வரை நின்றால் இரண்டாம் தரம். தொண்டைக்கு ஏறி, நூறு எண்ணியும் இறங்காமல் காதுமடலைச் சுட வைத்தால் முதல் தரம். முதலாளி இதற்கென்று ஒரு மெஷின் வாங்கி வைத்திருந்தார். அது சொன்னதும் இவள் சொன்னதும் ஒன்றாகவே இருந்ததால் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டார். மெஷினுக்குக் கரண்டு வேண்டும், இவளுக்கு ஒரு சொம்பு வெந்நீரும் ஒரு பிடி வெறுஞ்சோறும் போதும்.

அந்த நாக்கைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு இருக்கிறதே, அது யாருக்கும் தெரியாது. வீட்டில் மிளகாய் என்ற பேச்சே கிடையாது. உப்பு போட்ட சோறு, வேக வைத்த காய், வெறும் பருப்பு. இருபத்திரண்டு வருஷமாகப் புருஷனும் அதைத்தான் தின்றார். "மிளகாய் மில்லுக்காரியைக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிடறவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்பார் டிப்போவில். அவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷம், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. வீட்டுக்கு வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை லேசாக அழுத்திக்கொண்டுதான் பேசுவார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் டிப்போவிலிருந்து காகிதம் வந்தது. வருஷாந்திர உடம்புச் சோதனையில் சர்க்கரை எகிறிக் கிடந்தது. மூன்று மாதத்தில் குறைத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி ஷெட்டில் போட்டுவிடுவார்கள்.

"ஷெட்டுல என்ன வேலைங்க?" என்று கேட்டாள்.

"வண்டி கழுவற வேலை. எவனோ ஓட்டிட்டு வர்ற வண்டியை நான் கழுவணும்."

"அதுவும் வேலைதானே?"

"ஆமாமா, வேலைதான். உன் நாக்கை அறுத்துட்டு, மூட்டை தைக்கச் சொன்னா நீ தைப்பியா?"

ஸ்டீயரிங்கை விட்டால் இந்த மனுஷன் பாதி ஆளாகிவிடுவார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன!

அதே மாதம்தான் முதலாளி மில்லுக்குப் பின்னால் புதுக் கொட்டகை போட்டார். மூட்டையாக விற்றால் எடைக்கு விலை, மாத்திரையாக விற்றால் எண்ணிக்கைக்கு விலை என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். எல்லாரையும் களத்தில் உட்கார வைத்துப் பிரசங்கம் பண்ணினார். "மிளகாயோட உறைப்புச் சத்தைத் தனியா எடுத்து மாத்திரைக் கூட்டுக்குள்ள அடைக்கப்போறோம். கொழுப்பு கரையும், சர்க்கரை இறங்கும், ரத்தம் ஜம்முனு ஓடும்!"

பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி நின்றாள். பரிசோதனை செய்து பார்க்க வந்தவள். எல்லாவற்றுக்கும் நம்பர் ஒட்டியதால் பிற்பாடு அவளுக்கு நம்பர் மேடம் என்று பேராயிற்று. அவள் தொண்டையைச் செருமினாள். "சார் சொல்றதெல்லாம் நடக்கும்னு இன்னும் யாருக்கும் தெரியாது. எலிகிட்ட நல்லா வேலை செய்யுது. மனுஷங்ககிட்ட ஒரு ஆய்வுல கொஞ்சூண்டு குறையுது, இன்னொண்ணுல ஒண்ணுமே இல்ல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

முதலாளி முகம் இடித்த வற்றல் மாதிரி ஆயிற்று. நம்பர் மேடம் விடாமல் சொன்னாள். பன்னிரண்டு வாரம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வீட்டு ஆட்களும் சேரலாம். பாதிப் பேருக்கு மிளகாய்ச் சத்து மாத்திரை, பாதிப் பேருக்குச் சிவப்புச் சாயம் போட்ட அரிசி மாவு. யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது. அது உறையில் போட்டு அரக்கு வைத்து வேறு ஆபீஸில் இருக்கிறது.

"மருந்துன்னு சொல்லி மாவைக் குடுப்பீங்களா? இது என்ன அநியாயம்!" என்று எழுந்தாள் தும்மல். காம்பு கிள்ளுகிற பெண்களில் மூத்தவள். பதினைந்து வருஷம் ஆகியும் மிளகாய் நெடி பழகாமல் தும்மிக்கொண்டே இருப்பவள்.

"மாவு சாப்பிட்டவங்களும் குணமாயிட்டா மிளகாயால குணமாகலைன்னு தெரியும்ல? அதுக்குத்தான்."

"மாவு சாப்பிட்டு எவளாவது குணமாவாளா? நாங்க தினம் மாவுதானே திங்கறோம்!" களம் முழுக்கச் சிரித்தது. நம்பர் மேடமும் சிரித்துவிட்டுச் சொன்னாள். "ஒரே ஒரு விஷயம். மாத்திரையை முழுசா முழுங்கிடணும். பிரிக்கக் கூடாது. சோத்துல காரம் ஜாஸ்தியானா நாக்கு வேணாம்னு சொல்லும், கை நின்னுடும். இது நாக்கைத் தாண்டிப் போற சாமான். அதனால நான் குடுக்கற அளவுதான் கணக்கு."

நாக்கக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் டிரைவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று நம்பர் மேடம் நூறு தரம் சொல்லி, ஒரு டப்பாவும் ஒரு நோட்டும் கொடுத்தாள். நோட்டில் தினமும் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு நடந்தோம், மாத்திரை போட்டோமா என்று எழுத வேண்டும். மற்றவர்களுக்கு அது தலைவலி. டிரைவருக்கோ டிரிப் ஷீட் எழுதுகிற கை. 'புறப்பாடு 5.40. வந்து சேர்ந்தது 6.35. வழியில் நிறுத்தம்: ஒன்று (நாய்)' என்று எழுதினார். நோட்டில் எழுத வேண்டுமே என்பதற்காகவே நடந்தார். நோட்டில் எழுத வெட்கமாக இருந்ததால் டிப்போ டீக்கடையில் மூன்று கரண்டிச் சர்க்கரையை விட்டார். இரண்டாம் தடவை சோறு வைக்க அவள் கரண்டியை நீட்டினால் கையால் தட்டை மூடினார். "வேணாம்மா, மருந்து சாப்பிடறேன்ல" என்பார். அந்த மூன்று வார்த்தையைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை.

நாலாவது வாரம் ரத்தம் எடுத்தார்கள். நூற்றுத் தொண்ணூறில் இருந்தது நூற்று ஐம்பதுக்கு வந்திருந்தது. டிரைவர் அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். பெல்ட்டில் ஒரு ஓட்டை உள்ளே போயிற்று. அவளுக்கு மனசு குளிர்ந்து போயிற்று, பொய் சொல்வானேன்.

இதற்குள் மில்லில் வேறு கூத்து ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் தும்மல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் ஒரு மாத்திரை.

"அக்கா, கொஞ்சம் நாக்குல வெச்சுப் பாரேன்."

"போடி, பிரிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"பிரிக்கக் கூடாதுன்னா நம்மகிட்ட ஏன் குடுக்கணும்? பல் டாக்டர்கிட்ட பல்லைப் பாக்காதேன்னு சொல்ற மாதிரி இருக்கு. நானென்ன வேத்தாளா? சும்மா பாருக்கா."

பார்த்தாள். மூடியைக் கழற்றி ஒரு சிட்டிகை வைத்ததும் தொண்டைக்கு ஏறிற்று. "மிளகாய்தாண்டி" என்றாள். தும்மல் எழுந்து நின்று ஆடினாள். அவ்வளவுதான், மறுநாள் வரிசை நின்றது. மிளகாய், மாவு, மாவு, மிளகாய். மாவு என்று சொல்லப்பட்டவள் முகம் தொங்கிப் போகும். ஒரு வாரத்தில் மில்லே இரண்டு கட்சியாயிற்று. "ஏ மாவு, தட்டை எடு" என்று கேலி. மாவுக்காரிகள் சிலர் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள். சிலர் மிளகாய்க்காரிகளிடம் பாதிக்குப் பாதி மாற்றிக்கொண்டார்கள். நோட்டில் மட்டும் எல்லாரும் தினமும் ஒழுங்காக டிக் போட்டார்கள். நம்பர் மேடம் வாரா வாரம் வந்து நோட்டுகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போனாள். பாவம், மிளகாய் மில்லில் மிளகாயை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்தவள்!

ஊரார் மாத்திரையையெல்லாம் ருசி பார்த்தவள் தன் வீட்டு டப்பாவைத் தொடவில்லை. பயம். தும்மல்தான் கிளறிவிட்டாள். "அண்ணனோடது மிளகாயா மாவாக்கா? பாக்கலையா? அட, நல்லா இருக்காருல்ல, மிளகாயாத்தான் இருக்கும். எதுக்கும் பாத்துடு."

ஐந்தாவது வாரம், டிரைவர் நடக்கப் போயிருந்த விடியற்காலையில், டப்பாவைத் திறந்தாள். ஒரு மாத்திரையின் மூடியைக் கழற்றினாள். நாக்கு நுனியில் வைத்தாள். இருபது எண்ணினாள், ஐம்பது எண்ணினாள், நூறு எண்ணினாள். ஒன்றுமில்லை. சாயம் போட்ட வெறும் அரிசி மாவு. இன்னொன்றைப் பிரித்தாள். அதுவும் மாவு. இந்த மனுஷன் 'மருந்து, மருந்து' என்று தலைக்கு மேல் தூக்கி வைத்து ஆடியது இதையா?

அப்போது ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். நாற்பது இறங்கினது எதனாலே என்று கேட்டிருந்தால், கொக்கியில் தொங்கிய நோட்டே பதில் சொல்லியிருக்கும். அவள் யோசித்தாள்தான். வேறு விதமாக யோசித்தாள். மாவுக்கே இவ்வளவு என்றால் மிளகாய்க்கு எவ்வளவு! சோதனைக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது, இறங்க வேண்டியது இன்னும் இருந்தது. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் தரம் பிரித்துக் கொடுத்தவள், கட்டின புருஷனுக்கு மாவைக் கொடுத்துக்கொண்டு சும்மா இருப்பாளா?

அன்று மில்லில் முதல் தரத்திலும் முதல் தரமான மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து மடியில் முடிந்துகொண்டு வந்தாள். இடித்து, மெல்லிய துணியில் சலித்து வஸ்திரகாயம் பண்ணினாள். நம்பர் மேடத்தின் மிளகாய் மாத்திரையில்கூடச் சத்து இம்மியளவுதான் இருந்தது, மீதி மாவுதான், அதை அவள் நாக்கே சொல்லியிருந்தது. ஆனாலும் கை கேட்கவில்லை. ஒவ்வொரு மாத்திரையாகக் கழற்றி, மாவைக் கொட்டி, விளிம்பு வரை மிளகாயை அடைத்து மூடினாள். ஒன்றுகூடக் கோணல் இல்லை.

இரண்டாம் நாளே டிரைவர் நெஞ்சைத் தடவினார். "எரியுது. மருந்து இப்பத்தான் பிடிக்குது போலிருக்கு."

"ரொம்ப எரியுதாங்க?"

"எரியட்டும், எரியட்டும். கொழுப்பு கரையறப்ப எரியாம என்ன செய்யும்?"

இருபத்திரண்டு வருஷம் மிளகாய் காணாத வயிறு அது. அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தாள். டிரைவரால் ஒரு கை சோற்றுக்கு மேல் இறக்க முடியவில்லை. வயிற்றுப் பிடிப்பில் நடையும் நின்றது. நோட்டில் 'புறப்பாடு' என்று எழுதிய இடத்தில் கோடு போட்டார். ஆனால் டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை ஒரு வேளை தவற விடவில்லை, சிவப்பு மாத்திரையையும்தான். பெல்ட்டில் இன்னும் இரண்டு ஓட்டை உள்ளே போயிற்று. கன்னம் ஒட்டிப் போன அந்த முகத்தைப் பார்த்து, 'குறையுது, குறையுது' என்று அவள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

"நாளைக்கு ஒரு நாள் லீவு போடுங்களேன்" என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"சோதனைக்குப் பத்து நாள்தான் இருக்கு. இப்ப லீவு போட்டா உடம்பு சரியில்லன்னு எழுதிடுவானுங்க. மாத்திரையை எடு."

எடுத்துக் கொடுத்தாள். தன் கையால்தான் கொடுத்தாள்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனவர், எட்டரை மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறைந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். வேர்த்தது. கை நடுங்கிற்று. கண் முன்னால் ரோடு இரண்டாகத் தெரிந்தது. அந்த நிலைமையிலும் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் மயங்கினார். தலை ஹாரன் மேல் விழுந்தது. கண்டக்டர் முன்னால் ஓடி வந்து தூக்குகிற வரை ஹாரன் அலறிக்கொண்டே இருந்ததாம். ஒரு பிள்ளைக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. ஆனால் ஓடுகிற வண்டியில் மயங்கினவனுக்கு எந்த ஊரில் ஸ்டீயரிங் கொடுக்கிறார்கள்? சாயங்காலத்துக்குள் காகிதம் வந்துவிட்டது. ஷெட்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். "சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கிடுச்சு. மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா இப்படித்தான். வயிறு உள்ள வெந்து போயிருக்கும்மா, எப்படிச் சாப்பிடுவார்? என்ன குடுத்தீங்க?"

அதற்குள் நம்பர் மேடமும் முதலாளியும் வராந்தாவுக்கு வந்துவிட்டார்கள். ஆய்வில் இருக்கிறவருக்கு ஆபத்து என்றால் அவருடைய உறையை மட்டும் பிரிக்கலாமாம். நம்பர் மேடம் போனில் கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இவர் மாவுதான்."

முதலாளி பெரிதாக மூச்சு விட்டார். "அப்பாடா! பாத்தீங்களா மேடம்? நம்ம சரக்கால இல்ல. மாவு தின்னவனுக்கே வயிறு எரியுது, மயக்கம் வருதுன்னா, மிளகாயைக் குத்தம் சொல்ல என்ன இருக்கு? அதை அப்படியே ரிப்போர்ட்ல எழுதுங்க."

நம்பர் மேடம் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். "மாவுக் குழுவுல ஒருத்தருக்கு வயித்தெரிச்சல், மயக்கம்னுதான் எழுதணும்மா. வேற ஏதாவது சாப்பிட்டாரா?"

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புருஷனுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. ஆனால் தான் தரம் பிரித்துப் போடுகிற மிளகாய், இந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு யார் யார் வயிற்றுக்குள்ளோ போகும் என்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. எத்தனை வீட்டில் எத்தனை மனுஷர்கள் 'எரியட்டும், எரியட்டும்' என்பார்கள்!

"மாவை நான் கொட்டிட்டேன் மேடம். மிளகாயை அடைச்சேன். நான்தான்."

பேனா நின்றது. "எப்ப?"

"அஞ்சாவது வாரத்துலேருந்து."

"மத்தவங்க?"

"எல்லார் மாத்திரையையும் நான்தான் நாக்குல வெச்சுச் சொன்னேன். கொட்டினவங்க இருக்காங்க, மாத்திக்கிட்டவங்க இருக்காங்க. நோட்டை நம்பாதீங்க."

நம்பர் மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள். "உங்க தப்பு பாதி. மிளகாய் மில்லுல வந்து இதைச் செஞ்சேனே, என் தப்பு பாதி." மறுவாரம் நோட்டுகளையெல்லாம் பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டு போனாள். டிரைவரின் நோட்டை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் நாக்குக்கு எங்கே போவார்? இரண்டு மாதத்தில் புதுக் கொட்டகையிலிருந்து டப்பாக்கள் லாரியேறின. மேலே கொட்டை எழுத்தில் 'ஆய்வு நடத்தப்பட்டது' என்று போட்டிருந்தது. தும்மல் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நேரே போய்க் கேட்டாள். "என்ன முதலாளி, அதுதான் கெட்டுப் போச்சே?"

"ஆய்வு நடந்துச்சா இல்லையா?"

"நடந்துச்சு."

"அதைத்தான் போட்டிருக்கு. போய்க் காம்பு கிள்ளு."

வீட்டில் அவள் உண்மையைச் சொன்னது, டிரைவர் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் கழித்து. கை விரல்களெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்து வந்து உட்கார்ந்திருந்தார். வலது கால் சும்மா இருந்தது. சொல்லி முடிக்கிற வரை அவளைப் பார்க்கவில்லை. திட்டுவார், தட்டை வீசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எழுந்து கொக்கியிலிருந்து நோட்டை எடுத்து வந்து முதல் பக்கத்தைத் திறந்தார்.

"இங்கேருந்து இது வரைக்கும் மாவு."

"ஆமாங்க."

"இதுக்கப்புறம் உன் மிளகாய்."

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் விரலை வைத்து வரி வரியாகப் போனார். புறப்பாடு 5.40. புறப்பாடு 5.40. புறப்பாடு 5.35. நாய். மழை, குடையோடு. பிறகு கோடு, கோடு, கோடு.

"மாவு தின்னப்ப நல்லாத்தானே இருந்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். "நல்லாத்தானே இருந்தேன். நீ சும்மா இருந்திருக்கலாம்ல?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அழாதே என்று சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து அவருடைய ஷூவைத் துடைத்துக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். நடை மட்டும் இருந்தால் போதும், சர்க்கரை இறங்கிவிடும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

"எழுந்திருங்க. நானும் கூட வரேன். டயமாச்சு."

அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். ஷூவைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எந்த வண்டியை எடுக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். ஐந்து நாற்பது ஆயிற்று. பிறகு ஷூவை எடுத்துக்கொண்டு போய் இருந்த இடத்திலேயே வைத்தாள்.